பத்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிடும் பிள்ளைக்கு மீதி நேரம் என்ன கொடுப்பது?

ஏழாம் வகுப்பு கணக்கு டீச்சர், விழுப்புரம் மாவட்டம்

எல்லோருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன், வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் ஏழாம் வகுப்பில் 42 பேர். அதில் பதினெட்டுப் பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தலே இன்னும் சரியாக வரவில்லை. அதே வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அம்மாவுக்கு நூறு நாள் வேலை. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்துத் திரும்புவதற்குள் அவள் விடையை வைத்திருப்பாள், அதுவும் நான் சொல்லித்தராத வழியில்.

முதலில் பயிற்சியில் இருப்பதை முடித்தால் இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தேன். போட்டாள். அப்புறம் மெல்லக் கற்போர் குழுவுக்கு அவளைத் தலைவி ஆக்கி, நீ சொல்லிக்கொடு என்றேன். அதையும் செய்தாள். சக மாணவர் கற்பித்தல் என்று பாடக்குறிப்பிலும் எழுதி வைத்தேன், எனக்கும் பெரிய உதவியாக இருந்தது.

போன மாதம் முழுக்கள் பாடத்தில், அதாவது மைனஸ் எண்களும் சேர்ந்து வருகிற பாடத்தில், ஒரு ஸ்லிப் டெஸ்ட் வைத்தேன். 25-க்கு 17 வாங்கியிருந்தாள். எது எது தப்பு என்று பார்த்தால், இருப்பதிலேயே எளிமையான கணக்குகள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சரியான விடையைப் போட்டுப் பார்த்துவிட்டு, தாளில் வேறு எழுதியிருக்கிறாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. கடைசியில், "எல்லாம் சரியா போட்டா மறுபடியும் என்னையே சொல்லித்தரச் சொல்வீங்க டீச்சர், பிள்ளைங்க குட்டி டீச்சர்னு சொல்லி விளையாடச் சேர்த்துக்க மாட்டேங்குறாங்க" என்றாள்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரை விட முடியாது, இவளையும் இப்படி விட முடியாது. உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்தீர்கள், என்ன செய்து வீணாய்ப் போனது, இரண்டையும் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தென்காசி

டீச்சர், நாளைக்குக் காலையில் போனதும் அந்தப் பிள்ளையிடம், "இனிமேல் நீ யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, உனக்கா விருப்பம் இருந்தா மட்டும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். சொல்லித்தருவது நல்ல விஷயம்தான், எப்போதாவது செய்தால் சொல்கிறவருக்கும் தெளிவு வரும். ஆனால் தினமும் அதுவே வேலை என்றால் அது நம் வேலை, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வேலை இல்லை.

இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தேன் என்கிறீர்களே, நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். தன் பாத்தியில் களை எடுத்து முடித்தவளிடம் பக்கத்துப் பாத்தியையும் காட்டினால் அடுத்த நாள் அவள் மெதுவாகத்தான் எடுப்பாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பயிற்சியில் இருக்கிற இருபது கணக்கில் கடினமான ஐந்தைப் பொறுக்கி முதலில் பலகையில் எழுதிவிடுவேன். யார் வேண்டுமானாலும் அதிலிருந்தே தொடங்கலாம், நாலு சரியாக வந்துவிட்டால் மீதிப் பதினைந்தைத் தொட வேண்டாம். இதை ஒரு பிள்ளைக்கு என்று சொல்லக் கூடாது, வகுப்புக்கே பொதுவாக வைக்க வேண்டும். அப்போதுதான் அவள் தனித்துத் தெரிய மாட்டாள். நான் எதிர்பார்க்காத இரண்டு மூன்று பேர் அந்த ஐந்தில் கை வைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு வரும், கட்டாயம் எழுத வையுங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் வரும், நாலு வருடத்தில் 48,000. அந்தக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை, பெண் பிள்ளையை நடுவில் நிறுத்தாமல் படிக்க வைக்க அது ஒரு பிடிமானம். வருமானச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் கடைசி நேரத்தில் அலைய விடாமல் இப்போதே பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

ஆனால் அந்தத் தேர்வே அவளுடைய படிப்பாகிவிடக் கூடாது. என்னிடம் ஒரு பையன் இருந்தான், பழைய ரேடியோ, டார்ச் லைட் எது கிடைத்தாலும் கழற்றி மாட்டுவான். அவனை ஆறு மாதம் மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவுத் திறன் 90 கேள்வி என்று மாதிரித் தாளிலேயே உட்கார வைத்தேன். உதவித்தொகை வாங்கினான், பள்ளிக்கும் பேர் வந்தது. அதற்குப் பிறகு அவன் எதையும் கழற்றிப் பார்த்து நான் பார்க்கவில்லை. அது என் தவறுதான், இன்றைக்கும் உறுத்துகிறது.

ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா, சேலம்

டீச்சர், உங்கள் பதிவைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் என் பையன் விஷயத்தில் யாரும் இப்படித் தூங்காமல் இருந்ததில்லை. மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் டைரியைத் திறந்தாலே "வகுப்பில் தொந்தரவு செய்கிறான்", "இடத்தில் உட்காருவதில்லை" என்றுதான் இருக்கும். வீட்டில் கேட்டால், "அம்மா, மிஸ் ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்றாங்க, மூணாவது தடவையே எனக்குக் கால் அரிக்குது" என்பான். உங்கள் மாணவி தன்னை மறைத்துக்கொண்டாள், இவன் குறும்பு செய்தான், இரண்டுக்கும் அடியில் ஒன்றுதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் அடங்கிப் போய்விடுவதால் யார் கண்ணிலும் படுவதே இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

இந்த வருடம் வந்த மிஸ் அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "உனக்குத் தெரியாததை மட்டும் இதில் எழுதிட்டு வா" என்று சொன்னாராம். முதல் நாள் ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறான். இப்போது அதில் எழுபது கேள்வி இருக்கிறது. கடல் ஏன் உறையவில்லை, பூனைக்கு எத்தனை வரை எண்ணத் தெரியும், இப்படி. டைரியில் புகார் வருவது நின்றே போய்விட்டது.

பெற்றோர் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன். நாங்கள் அவனை எடுத்ததற்கெல்லாம் அறிவாளி, புத்திசாலி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 1998-இல் கரோல் டுவெக், கிளாடியா முல்லர் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வைப் பற்றிப் படித்த பிறகுதான் நிறுத்தினோம். நீ கெட்டிக்காரன் என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்தபடியாக எளிமையான வேலையையே தேடியிருக்கிறார்கள், நன்றாக முயற்சி செய்தாய் என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைக் கேட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவனுக்குத் தோற்க முடியாது இல்லையா? என் பையன் செஸ் போர்டைத் தொடுவதையே விட்டிருந்தான், ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

தர்மபுரி ஆசிரியர்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 42 பேரில் 18 பேருக்குக் கழித்தல் வரவில்லை என்று டீச்சரே எழுதியிருக்கிறார். ஒரு பீரியட் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம், அதில் வருகைப்பதிவு, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளப் பதிவு எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த நேரத்தை நான் யாருக்குக் கொடுப்பேன்? கெட்டிக்காரப் பிள்ளை எப்படியாவது கரை ஏறிவிடும். கழித்தல் தெரியாமல் எட்டாம் வகுப்புக்குப் போகிறவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் விழுவான், அதற்கடுத்த மாதம் திருப்பூர் பஸ்ஸில் ஏறுவான். என் ஊரில் வருடா வருடம் பார்க்கிறேன்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. மீத்திறன் மாணவர் என்று யாரைச் சொல்கிறோம்? பட்டியல் எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பிள்ளைகள், கையெழுத்து அழகாக இருக்கிற பிள்ளைகள், ஆசிரியரைப் பார்த்தால் வணக்கம் சொல்கிற பிள்ளைகள்தான் வருகிறார்கள்.

ஏழாம் வகுப்பு கணக்கு டீச்சர்

சார், நீங்கள் சொல்வது என் மனதிலும் ஓடுகிற விஷயம்தான், தப்பாக எடுக்கவில்லை. ஆனால் எப்படியாவது கரை ஏறிவிடும் என்பதில்தான் எனக்கு இப்போது நம்பிக்கை போய்விட்டது. தெரிந்த விடையைத் தெரியாத மாதிரி எழுதுகிறவள் இன்னும் இரண்டு வருடத்தில் நிஜமாகவே தெரியாதவளாகிவிட மாட்டாளா? அந்த வீட்டில் படிப்பு போதும் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

எம்.எட். மாணவி, மதுரை

தர்மபுரி சார் கேட்ட இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியமானது. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்பவர் 1921-இல் கலிஃபோர்னியாப் பள்ளிகளில் நுண்ணறிவுச் சோதனை வைத்து மிகப் பெரிய கெட்டிக்காரக் குழந்தைகள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பொறுக்கி எடுத்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். சோதிக்கப்பட்டு, மதிப்பெண் போதாமல் வெளியே விடப்பட்ட இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரேஸும். ஒருவர் 1956-இல், இன்னொருவர் 1968-இல் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். 1978-இல் ஜோசப் ரென்சுல்லி இதை வேறு மாதிரி சொன்னார். சராசரிக்கு மேற்பட்ட திறன், புதிதாக யோசிப்பது, எடுத்த வேலையை விடாமல் பிடித்துக்கொள்வது, இந்த மூன்றும் ஒரு பிள்ளையிடம் ஒரு விஷயத்தில் ஒன்று சேரும்போதுதான் மீத்திறன் வெளியே தெரிகிறது என்றார். அப்படியானால் அது ஒட்டவைக்கிற பட்டம் இல்லை, வகுப்பில் நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வெளியே வரும் அல்லது உள்ளேயே இருந்துவிடும்.

எனவே டீச்சர், அவளுக்குத் தனியாக ஒன்று, பதினெட்டுப் பேருக்குத் தனியாக ஒன்று, நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்று என்று மூன்று பாடம் தயாரிக்காதீர்கள், யாராலும் முடியாது. வாரத்தில் ஒரு பீரியட் மட்டும், உள்ளே நுழைய எல்லோராலும் முடிகிற, ஆனால் அடி ஆழம் தெரியாத ஒரு கேள்வியைப் போடுங்கள். இது எங்கள் பயிற்சிப் பள்ளியில் நான் போட்டது: அடுத்தடுத்து வரும் எண்களைக் கூட்டி எந்தெந்த எண்ணைக் கொண்டுவரலாம்? 9 என்றால் 4+5, இல்லாவிட்டால் 2+3+4. 15-க்கு மூன்று வழி இருக்கிறது. எந்த எண்ணுக்கு வழியே இல்லை? கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும், உள்ளே வந்துவிடலாம். ஏன் என்று கேட்கத் தொடங்கினால் கல்லூரி வரை போகும். கூட்டலில் தடுமாறும் பிள்ளைகள் ஒரு பீரியடில் முப்பது நாற்பது கூட்டல் கணக்கைத் தாங்களாகவே போடுகிறார்கள், அதுவும் பயிற்சிதானே சார்?

இன்னொன்று கோலம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளி வைத்தால் மொத்தம் 25. அதைச் சாய்த்துப் பார்த்தால் நாலுக்கு நாலு சதுரமும் மூன்றுக்கு மூன்று சதுரமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும், 16-உம் 9-உம். ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி நாலு வரை வைத்தால் 37. அது 64-இல் 27 போனது, அதாவது 4-இன் கனத்தில் 3-இன் கனம் போனது. ஐந்து புள்ளி மூன்று வரை என்றால் 19, அதுவும் 27-இல் 8 போனது. மார்கழியில் இதைப் போட்டோம், கணக்கு என்றாலே ஒதுங்கும் பிள்ளைகள்தான் அன்றைக்குப் பலகைக்கு முன்னால் நின்றார்கள்.

முன்னாள் குட்டி டீச்சர்

என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அதனால் அந்தப் பேரையே இங்கே வைத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எனக்கு ஒரு கணக்கு கூட பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்ததில்லை. எல்லோரும் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று யாருக்கும் தெரியவில்லை.

பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். முதல் வருடம் மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) பாடத்தில் ஒரு தேற்றத்தை நிறுவச் சொன்னார்கள். பத்து நிமிடம் ஆனது, வரவில்லை. அரை மணி நேரம் ஆனது, வரவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. எனக்குக் கணக்கு வராது, இத்தனை வருடம் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறேன் என்றே முடிவு கட்டினேன். பக்கத்தில் இருந்த பெண், பள்ளியில் என்னைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தவள், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாதாரணமாக மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அவளுக்கு மாட்டிக்கொண்டு நிற்பது பழக்கம். எனக்கு அது தெரியாது, யாரும் கற்றுத்தரவும் இல்லை. அந்த செமஸ்டரில் இரண்டு அரியர். வீட்டில் சொல்லவே இல்லை.

அதனால் டீச்சர், அவளுக்கு ஒரு வாரம் பிடிக்கிற கணக்கைக் கொடுங்கள். வரவில்லை என்று வந்து நின்றால் விடையைச் சொல்லிவிடாதீர்கள், எதுவரை வந்தது என்று கேளுங்கள். உங்களுக்கே தெரியாத கணக்கைக் கொடுத்தால் இன்னும் நல்லது, எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்க்கலாம் என்று ஆசிரியர் சொல்வதை ஒரு தடவை கேட்டிருந்தால் என் கல்லூரி வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும். முடிந்தால் துளிர், தேன்சிட்டு இதழ்களை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இதே மாதிரி கணக்குப் பைத்தியம் பிடித்த ஒரு பிள்ளை இருந்தால் அறிமுகம் செய்து வையுங்கள். தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிவது அந்த வயதில் பெரிய பலம்.

ரீச்சர், யாழ்ப்பாணம்

இங்கே ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு. அதற்கு மேலே எடுத்த பிள்ளைகள் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள், ஒரு புள்ளி குறைந்த பிள்ளை பத்து வயதிலேயே தான் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். உங்கள் மாணவியின் பேச்சில் எனக்குக் கணக்கை விடப் பெரிதாகக் கேட்டது, விளையாடச் சேர்க்கிறார்கள் இல்லை என்றதுதான். முதலில் அவளை அவளுடைய சிநேகிதிகளுக்குப் பக்கத்தில் திரும்ப இருத்துங்கள். மனம் நொந்த பிள்ளையிடம் எந்த நல்ல கணக்கைக் கொடுத்தும் பயன் இல்லை.

ஏழாம் வகுப்பு கணக்கு டீச்சர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. தென்காசி ஐயா சொன்னபடி அவளைக் குழுத் தலைவி வேலையிலிருந்து எடுத்துவிட்டேன், யாழ்ப்பாணத்து ரீச்சர் சொன்னதைப் படித்த அன்றே பழைய இடத்தில் அவள் தோழிகளோடு உட்காரச் சொன்னேன். ஒரு வாரம் வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

அடுத்தடுத்த எண் கேள்வியை ஒரு வெள்ளிக்கிழமை போட்டேன். 3 முதல் 40 வரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லி, வந்ததைச் சுவரில் ஒட்டிய சார்ட்டில் எழுதச் சொன்னேன். தர்மபுரி சார், உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவன், வீட்டுப்பாட நோட்டே கொண்டுவராதவன், "டீச்சர், ஒத்தைப்படை எண் எல்லாத்தையும் ரெண்டா ஒடைச்சா பக்கத்துப் பக்கத்து நம்பரா வந்துருது, 21ன்னா 10, 11" என்றான். நான் அவனை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவன் கழித்தலில் இன்னும் தடுமாறுகிறான், அதற்குத் தனியாக உழைக்கத்தான் வேண்டும், ஆனால் இப்போது அவன் கையைத் தூக்குகிறான்.

பீரியட் முடியும்போது 4, 8, 16, 32 மட்டும் சார்ட்டில் காலியாக நின்றது. எல்லோரும் மாறி மாறி முயன்றார்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வரவில்லை டீச்சர் என்றாள், எதுவரை வந்தது என்று மட்டும் கேட்டேன். புதன்கிழமை காட்டிய பக்கத்தில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளே ஓட்டையாகியிருந்தது. நாலு சொற்களில் விடையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, முன்னாள் குட்டி டீச்சரை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு தோழிகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தாள். "டீச்சர், 8 வராதுன்னு யாரு சொன்னது? மைனஸ் எண்ணையும் சேத்துக்கலாம்னா வரும். மைனஸ் 7-ல ஆரம்பிச்சு 8 வரைக்கும் கூட்டுங்க, எல்லாம் ஒன்னுக்கொன்னு அடிச்சுக்கும், கடைசியில 8 மட்டும் நிக்கும்." எந்த முழுக்கள் பாடத்தில் வேண்டுமென்றே தப்பாக எழுதினாளோ அதே முழுக்கள்தான். அப்புறம் அவளே, "ஆனா இது கொஞ்சம் ஏமாத்து வேலை மாதிரி இருக்கு டீச்சர், மைனஸ் இல்லாம ஏன் வரலைன்னு இன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு சாப்பிட ஓடினாள்.